காய்ச்சல் என்று தட்டியவர்கள்

ஓசூரில் சிப்காட்டுக்குப் போகிற சாலையில், ஒரு பரோட்டாக் கடையின் மாடியில் பொற்கொடி பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள். ஆறு கேபின், வாசலை ஒட்டி அவள் உட்காருகிற கவுண்டர், கரண்ட் போனதும் கீச்சென்று கத்துகிற யு.பி.எஸ். ஷிப்டு விட்டதும் தொழிற்சாலைப் பிள்ளைகள் படியேறி வருவார்கள். ஆர்குட் பார்ப்பார்கள், பயோடேட்டா அனுப்புவார்கள், ஊரிலிருக்கும் தம்பிக்குப் பரீட்சை முடிவு பார்த்துப் போனில் கத்திச் சொல்வார்கள். பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயசுக்காரர்கள். அதில் பாதிப் பேருக்கு ஓசூரில் தெரிந்த ஒரே அக்கா அவள்தான்.

அஸ்வினும் அப்படி அக்கா அக்கா என்று வந்து ஒட்டிக்கொண்டவன்தான். ராயக்கோட்டைப் பையன், அப்பாவுக்குத் தக்காளி மண்டி. பெங்களூரில் புள்ளியியல் எம்.எஸ்ஸி. படித்தான். அங்கே வாடகை கட்டுபடியாகாமல் ஓசூரில் அறை எடுத்து பஸ்ஸில் போய்வந்தான். சென்டரில் ஒரு கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் ஆள் கூப்பிட வேண்டியதில்லை, அவனே கழற்றி மாட்டிவிடுவான். பல நாள் சாப்பாடும் பொற்கொடி வீட்டில்தான்.

இரண்டாயிரத்து ஒன்பதில், ஆடி முடிந்து மழை பிடித்துக்கொண்ட சமயம், அவன் ஒரு யோசனையோடு வந்தான்.

"அக்கா, உங்களுக்குக் காய்ச்சல் வருது. மொதல்ல ஆருகிட்ட சொல்லுவீங்க?"

"எங்க வீட்டுக்காரர்கிட்ட."

"வீட்டுக்காரரு இல்ல. நீங்க ஹாஸ்டல்ல இருக்கற பொண்ணு. சூப்பர்வைசர்கிட்ட சொன்னா கத்துவான். வீட்டுக்குச் சொன்னா அம்மா பயந்துக்கும். டாக்டர்கிட்ட போவக் காசு பாக்கணும். அப்போ?"

பொற்கொடி யோசித்தாள். அவன் அவள் முன்னாலிருந்த திரையைத் தட்டிக் காட்டினான்.

"இதுகிட்ட சொல்லுவீங்க. பீவர், பாடி பெயின், கண்ணு வலின்னு தட்டிப் பாப்பீங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடியே தட்டிருவீங்க. எந்தப் பக்கத்து ஆளுங்க அப்படித் தட்டறாங்கன்னு எண்ணிக்கிட்டே வந்தா, கொசுக் காய்ச்சல் எங்க கெளம்புதுன்னு மொதல்லயே தெரிஞ்சிரும். போன வருஷம் அமெரிக்கால சளிக் காய்ச்சலுக்கு இப்படித்தான் செஞ்சிருக்காங்க. நம்ம ஊருக்கு டெங்குவுக்கும் சிக்குன்குனியாவுக்கும் செய்யலாம்க்கா."

சிக்குன்குனியா என்ற சொல்லைக் கேட்டதுமே பொற்கொடிக்கு மற்றதெல்லாம் பின்னால் போய்விட்டது.

மூன்று வருடம் முன்பு அந்தக் காய்ச்சல் ஓசூரைப் புரட்டிப் போட்டபோது அவள் கணவன் ரத்தினவேல் ஒரு மெஷின் ஷாப்பில் வேலை நிரந்தரமாகிற தறுவாயில் இருந்தான். முசிறிப் பக்கத்திலிருந்து அதை நம்பித்தான் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். ஒரு காலையில் அவனால் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. மணிக்கட்டும் முட்டியும் பூசணி மாதிரி வீங்கிக்கொண்டன. அவள்தான் சோறு ஊட்டினாள், தலை வாரிவிட்டாள், கழிப்பறைக்குத் தோளில் சாய்த்துக் கூட்டிப்போனாள். தெருவே நொண்டிக்கொண்டிருந்த பிறகுதான், தண்ணீர் பிடித்து வைத்த டிரம்களில் கொசு முட்டையிடுகிறது என்று சொல்ல ஆள் வந்தார்கள். ரத்தினவேல் தேறி வேலைக்குப் போனபோது, கேட்டிலேயே நிறுத்தி, இனி வர வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று அவன் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தது அவள் கண்ணிலேயே நிற்கிறது. அதற்குப் பிறகு ஆள் சப்ளை செய்கிற ஒரு ஏஜென்சி வழியாக கான்ட்ராக்ட் வேலை. நிரந்தர ஆட்களுக்கு நீலச் சட்டை, கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல் சட்டை. அவள் நகையை வைத்து பிரவுசிங் சென்டர் திறந்ததும் அந்தச் சமயத்தில்தான்.

"செய் தம்பி" என்றாள். "ஆனா பேரு போகக் கூடாது. யாரு என்ன தட்டுனாங்கன்னு வெளிய போனா அப்புறம் ஒரு புள்ள இங்க வராது."

"பேரு எனக்கு எதுக்குக்கா? என்ன வார்த்தை, எந்தக் கேபின், எத்தன மணி. அவ்வளவுதான். ஒரே ஆளு பத்துத் தடவ தட்டுனா பத்துக் காய்ச்சல்னு கணக்காயிரும் இல்ல, அதுக்குத்தான் கேபினும் நேரமும்."

அவன் கவுண்டர் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதிப் போட்டான். பொற்கொடி அதோடு விடவில்லை. வருகிற ஒவ்வொருவரிடமும் விஷயத்தைச் சொன்னாள். காய்ச்சல் சம்பந்தமாக ஏதாவது தட்டினால் அது எண்ணிக்கையில் சேரும், எண்ணிக்கை மட்டும் சுகாதார ஆபீசுக்குப் போகும், பெயர் போகாது, அதற்கு நான் பொறுப்பு. பிள்ளைகள் தலையாட்டினார்கள். கல்லாவியிலிருந்து வந்து ஏஜென்சி ஹாஸ்டலில் தங்கி, வயரிங் கம்பெனியில் டிரெயினியாக இருந்த ஸ்வாதி மட்டும் கேட்டாள்.

"ஏங்க்கா, நான் வேற எதுனா தட்டுனா அது போவாதில்ல?"

"வேற என்னடி தட்டுவ?"

"சும்மா கேட்டேன்" என்று சிரித்துக்கொண்டே மூன்றாம் கேபினுக்குள் போய்விட்டாள். அவளோடு பேசிப் பழகுகிற பையன் ஒருவன் கோயம்புத்தூரில் இருந்தான் என்பது பொற்கொடிக்குத் தெரியும். ஸ்வாதி வேறு யாரிடமும் சொல்லாத பல விஷயங்களை அவளிடம் சொல்லியிருந்தாள்.

சில வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் அஸ்வின் மூச்சுவாங்கப் படியேறி வந்தான். திரையில் ஒரு கோடு மேலே ஏறியிருந்தது.

"பீவர்னு கூட இல்லக்கா, அதுக்கும் முன்னாடி வேற ஒண்ணு ஏறுது பாருங்க. லீவ் லெட்டர்! லீவு லெட்டர் எப்படி எழுதறதுன்னு தேடறாங்க. ரெண்டு நாள் கழிச்சு கண்ணு வலி, பாடி பெயின். நேரத்தப் பாத்தா எல்லாம் ஏஜென்சி ஹாஸ்டல் பக்கத்துல இருந்து வர்ற மதிய ஷிப்டு ஆளுங்க."

சுகாதார ஆய்வாளர் ஜெயமணி முதலில் நம்பவில்லை. "கம்ப்யூட்டருக்குக் கொசு கடிக்குமாம்மா?" என்று சிரித்தார். ஆனாலும் போய்ப் பார்த்தார். ஹாஸ்டலுக்குப் பின்னால், தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய நீல டிரம்களில் லாரித் தண்ணீர் பிடித்து மூடாமல் வைத்திருந்தார்கள். டார்ச் அடித்தால் தண்ணீர் முழுக்கப் புழு நெளிந்தது. கவிழ்த்தார்கள், புகை அடித்தார்கள். நாலைந்து பிள்ளைகள் காய்ச்சலில் படுத்து எழுந்ததோடு அது நின்றது. கோடு கீழே இறங்கியது.

பொற்கொடி அன்று கேசரி கிண்டினாள். ரத்தினவேல் அஸ்வினைத் தோளோடு அணைத்து, "நாங்க பட்டது வேற யாரும் படல பாரு, அதுதான்டா பெரிசு" என்றான். சொல்லும்போது அவன் கண் கலங்கியதை அவள் பார்த்தாள்.

அந்தக் கோட்டை அஸ்வின் சும்மா வைத்திருக்கவில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் காட்டினான். கம்பெனிக்காரர்கள் கூடிய ஒரு கூட்டத்திலும் போய்க் காட்டினான். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் சென்டருக்கே வந்தார். ஏஜென்சியில் ஆள் நிர்வாகம் பார்க்கிற ஹரீஷ்குமார். மடிப்புக் கலையாத சட்டை, மெல்லிய குரல், தமிழில் ஒரு வாக்கியம் கன்னடத்தில் ஒரு வாக்கியம் என்று பேசுகிறவர்.

"பன்றிக் காய்ச்சல் வேற ஊரக் கலக்குதும்மா. ஒரு ஆளு காய்ச்சலோட லைன்ல நின்னா கம்பெனி எங்கள கேக்குது. யாருக்கு வரப்போகுதுன்னு முன்னாடியே சொன்னீங்கன்னா நல்லாருக்கும்."

"எண்ணிக்கை வேணும்னா சொல்லுவோம் சார். ஆளு தெரியாது" என்றான் அஸ்வின்.

"தெரிஞ்சாலும் சொல்ல மாட்டோம் சார்" என்றாள் பொற்கொடி.

அவர் வற்புறுத்தவில்லை. டீயைக் குடித்துவிட்டு, நல்ல காரியம் செய்கிறீர்கள் என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். தன் ஏஜென்சி ஆள் என்கிற மரியாதைக்கு ரத்தினவேல் அவரைக் கீழே வரை கொண்டுபோய் விட்டு வந்தான்.

புரட்டாசியில் ரத்தினவேலுக்கு வேலை நிரந்தரமாயிற்று.

நீலச் சட்டையைக் காகிதப் பையில் வைத்துக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டான். பொற்கொடி அதை விரித்து, சட்டைப் பையின் மேல் தைத்திருந்த கம்பெனி பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். அழுகை வந்தது. மறுநாள் சென்டருக்கு வந்த எல்லாருக்கும் லட்டு கொடுத்தாள். அன்று லட்டு வாங்கியவர்கள் அதிகம் இல்லை என்பதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அடுத்தடுத்த நாட்களில் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. வெளியே பெஞ்சு காலியாகக் கிடந்தது. ஹாஸ்டல் பிள்ளைகள் கீழே பரோட்டா வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்க்காமல் போனார்கள். வருகிற ஒன்றிரண்டு பேரும் மெயிலைப் பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்தார்கள். காய்ச்சல் என்று யாருமே தட்டவில்லை. கோடு தரையோடு தரையாகப் படுத்துக்கிடந்தது.

"ஜீரோக்கா! சுத்தமா ஜீரோ!" என்று போனில் குதித்தான் அஸ்வின். ஜெயமணியும் சந்தோஷப்பட்டார். மழை விடாமல் பெய்ததால் ஏரிக்கரைப் பக்கம் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, புகை அடிக்கிற ஆட்களை அந்தப் பக்கம் அனுப்பிவைத்தார். ஹாஸ்டல் பக்கம்தான் ஒன்றும் இல்லையே.

ஸ்வாதி ஒரு மதியம் வந்தாள். உள்ளே வரவில்லை. தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்து, கண் இடுங்கியிருந்தது.

"என்னடி, ஊருக்கா?" என்று எழுந்தாள் பொற்கொடி.

"அனுப்பிட்டாங்க."

"யாரு?"

"கேட்ல நிறுத்தி, உனக்குக் காய்ச்சல், ஊருக்குப் போ, சரியானா கூப்புடறோம்னாங்க. ரூமையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. எனக்கு மட்டும் இல்ல, இந்த மாசத்துல இப்படி எத்தனையோ பேரு. நான் காய்ச்சல்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லலக்கா. பக்கத்துல படுக்கற புள்ளைக்குக் கூடத் தெரியாது." அவள் மூச்சை இழுத்துவிட்டாள். "எப்படி சார் தெரியும்னு கேட்டேன். ஹரீஷ்குமார் சாரு சிரிக்கறாரு. 'நீதாம்மா கம்ப்யூட்டர்ல கேட்டியே'ங்கறாரு."

பொற்கொடி கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"நீங்க சொன்னத நம்பித்தானே போன ஞாயித்துக்கெழம நான் ஒருத்தி தட்டுனேன்? நீங்க பொறுப்புன்னு சொன்னீங்களே. இப்ப ஹாஸ்டல்ல எல்லாத்துக்கும் தெரியும். மேல நெருப்பாக் கொதிச்சாலும் மாத்தரய முழுங்கிட்டு வேலைக்குப் போறாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கறதில்ல. இங்க வரவே பயப்படறாங்க. வீட்டுக்காரருக்கு வேலை வாங்கறதுக்கு எங்கள வித்துட்டீங்கன்னு பேசறாங்க. நான் இல்லன்னு சண்டை போட்டேங்க்கா, இப்பத்தான் போன வாரம்."

"ஸ்வாதி, சாமி சத்தியமா எனக்கு…"

பொற்கொடி அவள் கையைப் பிடித்தாள். கை கொதித்தது. ஸ்வாதி உதறிக்கொண்டு படியிறங்கினாள். பொற்கொடி சென்டரைச் சாத்திவிட்டுக் கீழே ஓடி வருவதற்குள், கிருஷ்ணகிரி பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் காலையில் பொற்கொடி பெங்களூர் பஸ்ஸில் ஏறினாள். அத்திப்பள்ளி செக்போஸ்டில் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. வழி முழுக்க அவள் மனசுக்குள் அஸ்வினைத் திட்டிக்கொண்டு போனாள். உன் தட்டில் எத்தனை நாள் சோறு போட்டேன்? உன்னைத் தம்பி என்று எத்தனை பேரிடம் சொன்னேன்? கல்லூரி வாசலில் அவனைக் கண்டதும் அதெல்லாம் மறந்து ஒன்றுதான் வந்தது.

"எத்தன ரூபாய்க்குடா வித்த?"

அவன் விழித்தான். அவள் சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்தது. அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

"என்கிட்ட பேரே இல்லியேக்கா. நீங்களே வேணாம்னு சொன்னீங்க. என்கிட்ட வார்த்தையும் கேபினும் நேரமும்தான் இருக்குது. உங்க எதுத்தாப்பலதானே பண்ணேன்?"

"அப்புறம் அந்தாளுக்கு ஸ்வாதின்னு எப்படித் தெரிஞ்சுது?"



"ஹரீஷ்குமார் சாரு ஒரு நாள் கூப்பிட்டு, எப்படி எண்ணறேன்னு கேட்டாரு. கேபின், நேரம்னு சொன்னேன். பெருமையா இருந்துச்சு, சொல்லிட்டேன்." அவன் தலையைத் தூக்கவில்லை. "பேரு உங்க பில்லிங்ல இருக்குதுங்க்கா. பேரு, செல் நம்பர் போட்டாத்தானே உங்க கேபின் தொறக்கும்? எந்தக் கேபின்ல எத்தன மணிக்கு ஆருன்னு அதுல வரும். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா போதும். ஆனா அதுக்கு உங்க கவுண்டர்ல உக்காரணும்."

"கவுண்டர்ல நான்தான் உக்காருவேன்."

"எப்பவுமா?"



ஸ்வாதிக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லாருக்கும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் பொற்கொடி துணி துவைக்கவும் காய்கறி வாங்கவும் போய்விடுவாள். அப்போது கவுண்டரில் வேறு ஆள்.

"அக்கா, இருங்க, நானும் வர்றேன்" என்று அஸ்வின் எழுந்தான். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நடந்தாள். அவனைத் திட்டியதற்கு வருத்தம் சொல்ல வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. ஓசூர் வரும்வரை ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிக்கொண்டே வந்தாள்.

வேலைவிட்டு சாயங்காலம் ரத்தினவேல் வந்தான். சாப்பாட்டு கேரியரைச் சமையல் மேடையில் வைத்தான். பொற்கொடி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, கடை சாத்திக் கெடக்கு?"

"ஸ்வாதி வந்த ஞாயித்துக்கெழம நீங்கதானே கவுண்டர்ல இருந்தீங்க?"

"எந்த ஸ்வாதி?"

"பேரும் போன் நம்பரும் உங்களுக்குத் தெரிஞ்ச ஸ்வாதி."

அவன் குழாயைத் திறந்து கை கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவன் இல்லை என்று சொல்லிவிட மாட்டானா என்று உள்ளே ஒரு மூலையில் ஆசை இருந்தது. ஒரு பொய்யாவது சொல்லட்டும்.

"டிரீட்மெண்ட் குடுப்போம்னு ஹரீஷ்குமார் சாரு சொன்னாரு பொற்கொடி. காய்ச்சல்காரங்கள மொதல்லயே கண்டுபிடிச்சு டாக்டர்கிட்ட அனுப்பத்தான்னு சொன்னாரு. நல்லதுக்குத்தானேன்னு குடுத்தேன்."

"நம்புனீங்களா?"

"மொத வாரம் நம்புனேன்."

"அப்புறம்?"

குழாயை மூடினான். "அப்புறம் சட்டைய குடுத்துட்டாங்க."

பொற்கொடி அவனையே பார்த்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

"உங்கள கேட்ல நிறுத்துனப்ப என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?"

"அதனாலதான்டி!" என்று அவன் குரல் உடைந்தது. "மறுபடி அந்தக் கேட்ல நிக்கக் கூடாதுன்னுதான். மூணு வருஷமா பொண்டாட்டி சம்பாத்தியத்துல சாப்புடறான்னு உங்க அண்ணன் பந்தியில வெச்சு சொன்னாரே, நீ ஒரு வார்த்தை பேசுனியா? நமக்காகத்தான் செஞ்சேன்."

"நமக்காகன்னு சொல்லாதீங்க. எனக்குத் தெரியாம நான் குடுத்த வார்த்தைய எடுத்துக் குடுத்திருக்கீங்க. அந்தப் புள்ளைங்க என்னைத்தான் நம்பி வந்துச்சுங்க. நான் வித்துட்டேன்னு பேசறாங்க. ஊர் பூரா லட்டு வேற குடுத்தேன்."

லட்டு என்று சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவன் அருகில் வந்தான். அவள் எழுந்து மறு அறைக்குப் போய்விட்டாள்.

காலையில் ரத்தினவேல் எழுவதற்கு முன்பே சென்டரைத் திறந்து, அஸ்வினின் புரோகிராமையும் பில்லிங்கில் கிடந்த பெயர்களையும் அழித்தாள். அழித்து என்ன பயன் என்று தெரிந்தேதான் அழித்தாள். பிறகு ஜெயமணியின் வீட்டுக்குப் போனாள். அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"சார், அந்த ஜீரோ பொய். காய்ச்சல் இல்லாம இல்ல. பயந்துக்கிட்டு யாரும் தட்டல. ஹாஸ்டலைப் போய்ப் பாருங்க, உடனே பாருங்க."

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சட்டையை மாட்டினார். ஆட்களைக் கூட்டிக்கொண்டு அவளோடு போனார். அறை அறையாகக் கதவைத் தட்டினார்கள். பல கதவு திறக்கவில்லை. திறந்தவர்களும் எங்களுக்கு ஒன்றுமில்லை என்றார்கள். பொற்கொடியைக் கண்டதும் ஒரு பெண் முகத்துக்கு நேராகக் கதவை அறைந்தாள். பொற்கொடி மூடிய கதவுக்கு முன்னால் நின்று சத்தமாகச் சொன்னாள். "என் கடையில இருந்துதான் பேரு போச்சு. நான் குடுக்கல, ஆனா என் கடையில இருந்துதான் போச்சு. இனிமே போகாது. நீங்க என்கூடப் பேச வேணாம். இவர் அரசாங்கத்து ஆளு, இவருக்கு மட்டும் கதவத் தொறங்க." உள்ளே யாரோ முனகுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஜெயமணிக்கு மட்டும் கதவு திறந்தது. போர்வைக்குள் இரண்டு பெண்கள் நடுங்கிக்கொண்டு கிடந்தார்கள். அந்த மாடியில் மட்டும் ஒன்பது பேர். மொட்டை மாடித் தொட்டியில் மறுபடி புழு.

ஏஜென்சியைக் கேட்க வேண்டிய இடத்தில் எழுதிக் கேட்பதாக ஜெயமணி சொன்னார். கேட்டார் போலத்தான் இருக்கிறது. ஹரீஷ்குமாரை வேறு ஊருக்கு மாற்றினார்கள் என்றும், இல்லை, பதவி உயர்ந்து மேலே போய்விட்டார் என்றும் பின்னால் இரண்டு விதமாகப் பேச்சு வந்தது. பொற்கொடிக்கு அப்போது அது எதுவும் மனசில் ஏறவில்லை. ஸ்வாதியின் போன் அணைந்தே கிடந்தது. பொற்கொடி நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.

கல்லாவியில் இறங்கி, விசாரித்து, நிலக்கடலைக் காட்டை ஒட்டிய அந்த வீட்டைக் கண்டுபிடித்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஸ்வாதியின் அம்மா மாதம்மாள் கட்டிலருகில் உட்கார்ந்து ஈரத்துணியால் மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் பிள்ளை கண் திறக்க மாட்டேன் என்கிறது என்றாள். ஸ்வாதியின் பல் ஈறில் ரத்தம் கசிந்திருந்தது. காய்ச்சல் இறங்கிய பிறகுதான் டெங்குவில் ஆபத்து என்று அஸ்வின் சொன்னது பொற்கொடிக்கு நினைவு வந்தது. கார் பிடித்தாள். ஊத்தங்கரையில் பார்த்துவிட்டு உடனே தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே ரத்தத் தட்டணு ஏற்றினார்கள். பொற்கொடி போனில் சொன்னதும், ரத்தம் கொடுக்க அஸ்வின் தன் கல்லூரிப் பையன்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். பொற்கொடியிடம் பேசத் தயங்கி, கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிப் போனான். அந்தக் கோட்டை அவன் அதற்குப் பிறகு யாருக்கும் காட்டவில்லை.

மூன்றாம் நாள் ஸ்வாதி கஞ்சி குடித்தாள். இனி பயமில்லை என்றார்கள். மாதம்மாள் வராந்தாவில் பொற்கொடியின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பொறந்தவ கூட இப்படிப் பாக்க மாட்டா கண்ணு. கம்பெனிக்காரன் தொரத்திட்டான். நீ எங்கிருந்தோ வந்து எம் புள்ளய எடுத்துக் குடுத்த. உங்க ஊட்டுக்காரரு நல்லாருக்கணும், உன்னய அனுப்பி வெச்சாரே."

ஸ்வாதி எதையும் சொல்லவில்லை என்று பொற்கொடிக்கு அப்போதுதான் புரிந்தது. பேசாமல் இருந்துவிடலாம். கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம். இந்த அம்மாளுக்குத் தெரியப்போவதே இல்லை. ஆனால் அந்தக் கைகளுக்குள் தன் கையை வைத்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

"அம்மா, உங்க புள்ளைக்குக் காய்ச்சல்னு அந்தக் கம்பெனிக்காரங்களுக்குச் சொன்னதே என் வீட்டுக்காரர்தான்."

முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். மாதம்மாளுக்குக் கம்ப்யூட்டர் விஷயம் எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை. மற்றது புரிந்தது. பிடித்திருந்த கை மெல்ல விலகியது.

"உனக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா."

"அவனுக்கும் காய்ச்சல் வந்துதான் வேலை போச்சுங்கற. பட்டவந்தானே? பட்டவனா இப்படிச் செய்வான்?"

 ஓசூரிலிருந்து கிளம்பியதிலிருந்து பொற்கொடியும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். மாதம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நான் போயி ஊட்ல மாட்டுக்குத் தீனி போட்டுட்டு வரணும். வர்ற வரைக்கும் நீ இருப்பியா, போயிடுவியா?" என்று கேட்டாள்.

"இருக்கேம்மா."

மாதம்மாள் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள். பொற்கொடி உள்ளே வந்து ஸ்வாதியின் கட்டிலருகில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ஸ்வாதி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாளா விழித்திருக்கிறாளா என்று தெரியவில்லை. வந்த நாளிலிருந்து அவள் பொற்கொடியிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

பொற்கொடியின் போன் அடித்தது. ரத்தினவேல். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. காலையிலிருந்து இப்படித்தான். என்ன சொல்லப்போகிறான் என்று அவளுக்குத் தெரியும். வேலையை விட்டுவிடுகிறேன் என்பான், விட மாட்டான். விட்டாலும் அவளுக்கு அது எதையும் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை. தான் தோளில் சாய்த்து நடத்திக் கூட்டிப்போன அந்த ஆளை இனி எங்கே போய்த் தேடுவது?

மூன்றாம் தடவை போன் அடித்தபோது ஸ்வாதி திரும்பாமலே பேசினாள்.

"ஒண்ணு எடுத்துப் பேசுங்க. இல்ல, அத நிறுத்துங்க. தூங்கவே முடியல."

பொற்கொடி போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.